இரண்டு கற்பூரங்கள்

புதூர்நாடு,
7 ஜூலை 2025

கோகிலவாணிக்கு,

இந்தக் கடிதம் சத்தியத்தை மீறியதாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2018 ஏப்ரலில், சந்தவாசல் மாரியம்மன் முன்னால், எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து நான் சொன்னவை மூன்று: உன்னோடு பேச மாட்டேன், உன் முகத்தைப் பார்க்க மாட்டேன், உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். தேர்வறையில் உன் மகள் கவியா விஷயத்தில் நான் செய்தது சரி என்று நீ ஒப்புக்கொள்ளும்வரை. எழுதுவது அம்மூன்றில் அடங்காது. தொலைபேசி, பேச்சில் அடங்கும். வாட்ஸ்அப் எதில் அடங்கும் என்று முடிவுசெய்ய இயலாததால் அஞ்சலைத் தேர்ந்தெடுத்தேன். நீயும் அதே தட்டில் இரண்டாவது கற்பூரம் வைத்து, நான் செய்தது தவறு என்று நான் ஒப்புக்கொள்ளும்வரை பேசுவதில்லை என்று அணைத்தாய். உன் சத்தியமும் எழுத்தைக் குறிப்பிடவில்லை. ஆகவே நீ பதில் எழுதலாம்.

தங்கை என்ற முறையில் அல்ல, சந்தவாசலில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவள் என்ற முறையில் உன்னிடம் ஓர் ஐயம் கேட்கிறேன்.

எட்டாம் வகுப்புக்கு இவ்வாண்டு நிரலாக்கம் கற்பிக்க வேண்டியுள்ளது. தலைமையாசிரியர் வடிவேலு, "கணக்கு வாத்தியார்தானே நீங்க, இது வராதா இன்னா?" என்று என்னிடம் தள்ளிவிட்டார். இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள். எட்டு மடிக்கணினிகள் உள்ளன, இணையம் கிடையாது. நிபந்தனைக் கூற்றுகள் என்னும் பாடத்தில் நின்றுவிட்டேன். என் நிரலைத் தமிழில் தருகிறேன்:

மதிப்பெண் 35 அல்லது அதற்கு மேல் என்றால் ‘தேர்ச்சி’ என்று காட்டு.
இல்லாவிட்டால், 60 அல்லது அதற்கு மேல் என்றால் ‘முதல் வகுப்பு’ என்று காட்டு.
இல்லாவிட்டால், 90 அல்லது அதற்கு மேல் என்றால் ‘சிறப்பு’ என்று காட்டு.
இவை எதுவும் இல்லாவிட்டால் ‘தோல்வி’ என்று காட்டு.

95 கொடுத்தாலும் ‘தேர்ச்சி’ என்றே வருகிறது. முன் பெஞ்சு ஈஸ்வரி எழுந்து, "சார், கம்ப்யூட்டருக்கு நான் படிச்சதே தெரியல சார்" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. பதினொரு நாட்களாக ஆராய்கிறேன். ஒவ்வொரு வரியும் தனித்தனியாகச் சரியாக இருக்கிறது. மொத்தமும் தவறாக வருகிறது.

பதிலைப் பள்ளி முகவரிக்கு எழுதவும். அஞ்சல் செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே ஜீப்பில் மேலே வரும்.

ஜீவானந்தம்


சந்தவாசல்,
15 ஜூலை 2025

மதிப்பிற்குரிய கணித ஆசிரியர் அவர்களுக்கு,

ஏழு வருஷம் கழித்து ஒரு கடிதம். அதில் ‘நலமா’ என்ற வார்த்தை எங்காவது இருக்கிறதா என்று நாலு தடவை தேடினேன். இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வரிகளில் தப்பில்லை. வரிசைதான் தப்பு. போளூர் போகிறவன் முதலில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டால், பின்னால் எத்தனை பஸ் வந்தாலும் அவனுக்கு என்ன? கம்ப்யூட்டரும் அப்படித்தான். முதலில் எது உண்மையோ அதில் ஏறிவிடும். மிச்சத்தைத் திரும்பியே பார்க்காது. 95ம் 35க்கு மேல்தானே. அங்கேயே ஏறிக்கொண்டது. 90ஐ மேலே கொண்டுபோங்கள், அப்புறம் 60, கடைசியில் 35. வேலை முடிந்தது. என் சென்டரில் சேருகிற பெண்கள் முதல் வாரத்தில் செய்கிற தப்பு இது.

இப்போது என் முறை.

கவியா போன வருஷம் பி.சி.ஏ. முடித்தாள். தேர்வெழுத அவளுக்குப் போட்ட அந்த ஓராண்டுத் தடை இல்லையென்றால் அதற்கு முந்தின வருஷமே முடித்திருப்பாள். ஒரு அறக்கட்டளை மலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆள் எடுக்கிறது. இரண்டு வருஷம் வேலை செய்தால் எம்.சி.ஏ. அவர்களே படிக்க வைப்பார்கள். எங்களுக்கு வேறு வழி கிடையாது. விண்ணப்பம் ஆன்லைனில். ஒன்பதாவது கேள்வி: ‘பொதுத்தேர்வில் எப்போதாவது நடவடிக்கைக்கு உள்ளானவரா?’ ‘ஆம்’ என்று தொட்டால், ‘நன்றி, உங்கள் விண்ணப்பம் இத்துடன் நிறைவடைந்தது’ என்று பக்கம் மூடிக்கொள்கிறது. ஏன் என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. அதை எழுதினவனுக்கும் உங்கள் குணம்தான் போல.

"இல்லன்னு தொடுடி, யாரு வந்து பாக்கப் போறாங்க" என்றேன். "இல்லன்னு தொட்டா, அப்புறம் மாமாவ நான் திட்றதுக்கு அர்த்தமே இல்லையேம்மா" என்றாள்.

போன் போட்டுக் கேட்டேன். அன்று அறையில் இருந்த கண்காணிப்பாளர் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், விண்ணப்பத்தை அவர்களே திறந்து பார்ப்பார்களாம். செப்டம்பர் 15 கடைசி. அந்தக் கண்காணிப்பாளர் நீங்கள்.

கோ. கோகிலவாணி


புதூர்நாடு,
22 ஜூலை 2025

கோகிலவாணிக்கு,

வரிசையை மாற்றினேன், நிரல் ஒழுங்காக ஓடியது. ஈஸ்வரிக்கு ‘சிறப்பு’ என்று வந்தது. "இப்பத்தான் சார் அதுக்குக் கண்ணு தெரியுது" என்றாள். என் நன்றியை ஏற்றுக்கொள்.

உன் கோரிக்கையைப் பற்றி எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். என்னால் இயலாது.

நடந்தது என்ன என்பது என் அறிக்கையில் இருக்கிறது. கவியாவின் ஜியாமெட்ரி பாக்ஸில் மடித்த தாள் இருந்ததா? இருந்தது. அதில் அன்றைய பாடமான அறிவியல் எழுதப்பட்டிருந்ததா? இருந்தது. அவள் கையெழுத்தா? அவள் கையெழுத்து. கையேடு இந்த மூன்றைத்தான் கேட்கச் சொல்கிறது. மூன்றும் உண்மையென்றால் அறிக்கை தர வேண்டும். தந்தேன். அவள் என் தங்கை மகளா என்பது அந்தப் பட்டியலில் இல்லை. புதிதாக எழுத என்னிடம் நான்காவது வரி கிடையாது.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. அந்தத் தேர்வுக்குப் பிறகு ஊரில் என்னை எல்லோரும் பார்த்த பார்வைக்காகத்தான் இந்த மலைப்பணியை நானே கேட்டு வாங்கினேன். ஓராண்டில் இறங்கிவிடலாம் என்று எண்ணினேன். மேலே வர ஆளில்லாததால் இறங்க விடவில்லை. ஏழாண்டாக உன் அண்ணி அம்சவல்லி போளூரில் தனியாக இருக்கிறாள். போன மாதம் போனபோது, "இன்னாங்க, விருந்தாளிக்குக் காபியா டீயா?" என்று கேட்டாள், சிரிக்காமல் கேட்டாள். செப்டம்பரில் தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. என் பெயர் அதில் உள்ளது. இறங்க எனக்கு அது ஒன்றே வழி. பழைய அறிக்கைக்கு மேல் இன்னோர் அறிக்கை எழுதினால், முதல் அறிக்கை முழுமையற்றது என்றாகிவிடும். அப்படி எழுதியவனைத் தலைமையாசிரியராக்கமாட்டார்கள்.

நான் செய்தது சரி என்று நீ எழுதினால் நம் இருவருக்கும் இடையிலுள்ளதாவது தீரும். யோசித்துப் பார்.

ஜீவானந்தம்


சந்தவாசல்,
1 ஆகஸ்ட் 2025

ஜீவானந்தம் அவர்களுக்கு,

யோசித்துப் பார்த்தேன். நம் இரண்டு சத்தியத்தையும் நேற்று மத்தியானம் சென்டரில் நிரலாகவே எழுதினேன். அவன் தப்பென்று சொல்லும்வரை நான் காத்திருக்கிறேன். நான் சரியென்று சொல்லும்வரை அவன் காத்திருக்கிறான். ஓட விட்டேன். திரை அப்படியே நின்றது. ஒன்றும் வரவில்லை, நிரல் முடியவும் இல்லை. கம்ப்யூட்டர் விசிறி மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. கவியா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஹேங் ஆயிடுச்சா?" என்றாள். ஸ்விட்சை அணைத்துவிட்டு எழுந்து போனேன். நமக்கு அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அன்றைக்கு அவள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று ஞாபகம் இருக்கிறதா? "மாமா, இது எப்டி வந்துச்சுன்னே தெரியல மாமா." நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதையும் அவள்தான் எனக்குச் சொன்னாள். "இங்க மாமா யாரும் இல்ல. எழுந்திரு."

அவள் உங்களைத் திட்டுவாள். ஆனால் தாளைப் பற்றிப் பேச்சு வந்தால் வாயை மூடிக்கொள்வாள். ஏனென்றால் அது அவள் கையெழுத்து. எப்போதோ தானே அந்தப் பாக்ஸில் வைத்து மறந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஏழு வருஷமாக. சென்டரில் மற்றவர்களின் விண்ணப்பங்களை ஆன்லைனில் நிரப்பித் தருகிறாள். ஒன்பதாவது கேள்வி மாதிரி ஏதாவது வந்தால், "நீ பாரும்மா" என்று எழுந்துவிடுகிறாள்.

பட்டியல், கையேடு, மூன்று கேள்வி எல்லாம் படித்தேன். எனக்கு இருப்பது ஒரே கேள்வி. தாளை அவள் எதிரில் நீங்கள் விரிக்கவில்லை. உங்கள் மேசைக்குக் கொண்டுபோய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் விரித்தீர்கள்.

உள்ளே என்ன இருந்தது?

கோகிலவாணி


புதூர்நாடு,
17 ஆகஸ்ட் 2025

கோகிலா,

நலமா? இது என் முதல் கடிதத்தின் முதல் வரியாக வந்திருக்க வேண்டும். இதிலும் வரிசை தவறிவிட்டது.

உன் கடிதம் வந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் ஈஸ்வரி ஓர் ஐயம் கேட்டாள். "சார், எல்ஸ் போடலன்னா இன்னா ஆவும்?" என்றாள். ‘இல்லாவிட்டால்’ என்னும் வரியைத்தான் கேட்டாள். நிபந்தனை பொய்யானால் நிரல் ஒன்றும் செய்யாமல் அடுத்த வரிக்குப் போய்விடும் என்றேன். "தப்புன்னு கூடச் சொல்லாதா சார்?" "சொல்லாது." "அப்ப நாம எழுத மறந்துட்டோம்னு யாருக்குமே தெரியாதா?" வகுப்பு முடிய இருபது நிமிடம் இருந்தது. கரும்பலகையைத் துடைத்துவிட்டு, மணியடிக்கும்வரை எதையோ எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே திருநீறு இருந்தது.

படவேட்டு அம்மன் கோயில் திருநீறு, வாசனையிலேயே தெரிந்தது. மேசையில் கொட்டியது. தாள் நோட்டிலிருந்து குறுக்காகக் கிழிக்கப்பட்டிருந்தது. ஒளிவிலகலைப் பற்றிய எந்த வரியும் முழுதாக இல்லை. அதைப் பார்த்து எவராலும் ஒரு மதிப்பெண்கூட எழுத முடியாது. யாரோ திருநீறு மடித்த தாள் என்று அந்த நொடியே புரிந்தது. அதே நேரம் பறக்கும் படை வராந்தாவில் வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. அறையில் என் தங்கை மகள் இருக்கிறாள். உறவினர் இருந்தால் அறையை மாற்றிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. எனக்கு என்மேல் இருந்த நம்பிக்கையால் மாற்றிக்கொள்ளவில்லை. இப்போது இதை விட்டால், மாமன் விட்டான் என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தேன். விதிக்குப் பயந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேசையில் கொட்டிய திருநீற்றைத் தரையில் தட்ட மனம் வரவில்லை. விரலால் கூட்டி எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். நெற்றியில் அதை வைத்துக்கொண்டேதான் அறிக்கையை எழுதினேன்: ‘பாடம் தொடர்பான கையெழுத்துத் தாள்.’ திருநீறு என்ற சொல் அதில் இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டத்துக்கு வெளியே எழுத இடம் இருந்தது. பறக்கும் படை அதிகாரி கையெழுத்திட்டுவிட்டு, "இன்னா சார், பரீட்சை பசங்களுக்கா உங்களுக்கா? நெத்தி நிறைய பூசினு வந்துருக்கீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் செய்தது தவறு. மூன்று நிபந்தனையும் உண்மையாக இருந்தும் தவறு. நாலாவதாக நான் கண்ணால் கண்டதை எழுதவில்லை.

இத்துடன் அறக்கட்டளைக்கான கடிதம் இருக்கிறது. மேலே எழுதியதை அலுவல் நடையில் முழுமையாக எழுதி, கையொப்பமிட்டு, ஒரு படியை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். அவர்களுக்கு அனுப்பாமல் உனக்கு மட்டும் தந்தால், அது இரண்டாவது முழுமையற்ற அறிக்கையாகிவிடும். அம்சவல்லியிடம் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப நீங்க இறங்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். பிறகு, "சரி. கம்பளி ரெண்டா அனுப்பறேன்" என்றாள்.

அதை மடித்தது யார் என்று நான் கேட்கவில்லை.

அண்ணன்,
ஜீவானந்தம்


சந்தவாசல்,
29 ஆகஸ்ட் 2025

அண்ணா,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான்தான்.

பரீட்சை அன்றைக்குக் காலையில் படவேடு போய்விட்டு அவசரமாக வந்தேன். திருநீறு கையில் இருந்தது, மடிக்கத் தாள் இல்லை. மேசைமேல் கிடந்த நோட்டில் ஒரு பக்கத்தைப் பிய்த்து மடித்து அவள் பாக்ஸுக்குள் அடியில் வைத்தேன். எந்த நோட்டு, என்ன பக்கம் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆயிரம் பேருக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறவள், பெத்த பெண்ணுக்குப் பிட்டு வைத்து அனுப்பியிருக்கிறேன். சாயங்காலம் அவள் அழுதுகொண்டு வந்து சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. அப்போதே உன்னிடம் ஓடிவந்து சொல்லியிருக்கலாம். நீ விரித்துப் பார்த்திருப்பாய், உனக்கே தெரியும், நீயே சொல்லட்டும் என்று நின்றேன். கோயிலில் கற்பூரத்தை அணைத்தபோது கை சுட்டதைவிட இந்தப் பொய் அதிகம் சுட்டது. உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள் இல்லையா?

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்து முடித்ததும் நான் செய்ததையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். "எந்த நாள் வச்சேன், எப்ப வச்சேன்னு ஒவ்வொரு நாளா யோசிச்சிட்டு இருந்தேம்மா. ஏழு வருஷம்" என்று மட்டும் சொன்னாள். மூன்று நாள் என்னிடம் பேச்சில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். நாலாம் நாள் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு தனியாகவே பஸ் ஏறி அறக்கட்டளை ஆபீசுக்குப் போய்விட்டாள். விண்ணப்பத்தைத் திறந்துவிட்டார்களாம். அடுத்த மாதம் 20ஆம் தேதி நேர்காணல்.

தப்பு என்று நீ சொல்லிவிட்டாய். என் சத்தியம் தீர்ந்தது. போன வாரம் உனக்கு மூன்று தடவை போன் போட்டேன். மூன்று தடவையும் நீ கட் பண்ணினாய். ஏன் என்று எனக்குத் தெரியும். உன் சத்தியம் இன்னும் தீரவில்லை. நீ செய்தது சரி என்று நான் சொன்னால் உன்னை அவிழ்த்துவிடலாம். ‘சரி’, இரண்டு எழுத்துதான். ஆனால் அது பொய், நீயே எழுதிவிட்டாய். இதற்கு மேல் அந்த அம்மன் முன்னால் இன்னொரு பொய்யை வைக்க எனக்குத் தைரியம் இல்லை அண்ணா.

என்னைத் திறந்துவிட்டு நீ உள்ளேயே நின்றுகொண்டாய்.

கோகிலா


புதூர்நாடு,
10 அக்டோபர் 2025

கோகிலா,

பொய் சொல்லாததற்கு நன்றி. என் நிபந்தனை இனி ஒருநாளும் உண்மையாகாது என்பதை இருவரும் அறிவோம். சத்தியத்தை விட்டு இறங்க வழி இருக்கிறது, அம்மனுக்கு ஆடு விட்டுக் கேட்டால் போதும் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். அதைச் செய்ய என் மனம் ஒப்பவில்லை. கவியாவுக்கு அன்று அப்படி ஒரு வழி வைக்காதவன், எனக்கு மட்டும் வைத்துக்கொள்வது முறையாகாது.

செப்டம்பர் 24 அன்று விளக்கம் கோரும் குறிப்பாணை வந்தது. பட்டியலில் என் பெயர் நீக்கப்பட்டுள்ளது. குறிப்பாணையில் என் அறிக்கையை ‘முழுமையற்றது’ என்றே குறித்திருக்கிறார்கள், சொல் பொருத்தமானது. வடிவேலு, "இன்னா சார், நீங்களே போய்க் கழுத்தக் குடுத்தீங்களா?" என்று கேட்டார். பிறகு, ஒன்பதாம் வகுப்புக்கும் நிரலாக்கம் நீங்களே எடுங்கள், எப்படியும் இங்கேதானே இருக்கப்போகிறீர்கள் என்றார். சாமை அறுப்பு நடக்கிறது. பாதி வகுப்பு காலியாக இருக்கிறது. மாலையில் மூடுபனி இறங்கினால் எதிர் வரிசை வீடுகள்கூடத் தெரிவதில்லை. அம்சவல்லி அனுப்பிய இரண்டு கம்பளிகளும் வந்து சேர்ந்தன.

கவியா தேர்வான செய்தி அவள் அனுப்பிய அஞ்சலட்டையில் வந்தது. செங்கம் பக்கத்து மலைப் பள்ளிகள் அவளுக்குக் கிடைத்திருக்கின்றன. அட்டையின் கீழே எழுதியிருந்தாள்: ‘மாமா, எனக்கு உங்க மேல கோவம் இன்னும் இருக்குது. அம்மா மேலயும் இருக்குது. அது எப்பத் தீரும்னு நான் எந்தக் கண்டிஷனும் போடல.’ அதை என் பாடக்குறிப்பு நோட்டில் வைத்திருக்கிறேன். நம் மூவரில் சரியாக எழுதத் தெரிந்தவள் அவள்தான்.

நீ போன் செய்தபோது நான் துண்டித்ததற்குக் காரணம் நீ கூறியதே. எடுத்தால் ‘ஹலோ’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதுவும் பேச்சு.

சென்ற ஞாயிறு என் சத்தியத்தின் வாசகத்தை ஒரு தாளில் எழுதி, நிரலைச் சோதிப்பதுபோல் வரி வரியாகப் பார்த்தேன். பேச மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். பார்க்க மாட்டேன், வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அவ்வளவு கோபத்திலும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

இங்கே பள்ளியின் தண்ணீர்த் தொட்டி அருகே மட்டும் சிக்னல் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தின நாள், 19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு அங்கே நிற்பேன். நீ போன் செய். மணி ஒருமுறை அடித்ததும் எடுத்துவிடுவேன். கவியா எந்த ஊரில் தங்கியிருக்கிறாள், சென்டரில் இப்போது எத்தனை பேர், உனக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் சொல். திட்ட வேண்டியது மீதியிருந்தால் அதையும் சொல்.

என் பக்கமிருந்து சத்தம் எதுவும் வராது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

அண்ணன்,
ஜீவானந்தம்